மேகம் கண்ணுக்குத் தெரிந்தும் சின்ன விமானம் ஏன் அதற்குள் போகிறது?

மண்டபத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காற்று கொஞ்சம் கூடினாலே எங்கள் ஊரில் படகு கடலுக்குப் போகாது. ஆனால் சின்ன விமானங்கள் மழையிலும் மேகத்திலும் மாட்டி விழுந்ததாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. வானிலை மோசம் என்று பைலட்டுக்குத் தெரியாதா? கண்ணெதிரே மேகம் நிற்கும்போது திரும்பி வந்தால் என்ன? என் தங்கை விமானப் பயிற்சியில் சேரப் போகிறாள். அம்மா பயப்படுகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்."

தெரியும் தம்பி, பெரும்பாலும் நன்றாகவே தெரியும். தாளில் எழுதிக் கையில் கொடுத்த பிறகும் கிளம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமான நிலைய வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் பாம்பன். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. மேகம் எத்தனை அடியில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் தூரம் கண் தெரியும் என்றெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும், விபத்து விசாரணைகளில் வெளிவந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. காற்று கூடினால் படகு போகாது என்கிறீர்கள். போகவிடாமல் தடுப்பது யார்? வானிலை மையம் எச்சரிக்கை கொடுக்கிறது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், மீன்வளத்துறை அலுவலகத்தில் விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அந்த டோக்கனைப் படகுக்காரர் விருப்பத்துக்கு விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் போட்டாயிற்று, ஆட்கள் வந்து நிற்கிறார்கள், 'வாடைதானே, நாம பார்க்காததா' என்று நாலு பேராவது கிளம்பிவிடுவார்கள். பாம்பன் பாலத்திலும் இதே கதைதான். அங்கே காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தைக் காற்று தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் டிரைவர் எவ்வளவு அனுபவசாலி, எவ்வளவு தைரியசாலி என்று யாரும் கேட்பதில்லை. சிவப்பு என்றால் வண்டி நிற்கும்.

1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போன கதையை நம் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிக்னல் செத்துப்போன இருட்டில், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நீளமாக ஒரு விசில் ஊதி டிரைவர் வண்டியை முன்னே எடுத்தார் என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் போன இடத்தில் முடிவு ஒரே ஒரு மனிதர் தலையில் விழுந்தது.

சின்ன விமானத்தில் எல்லா நாளும் அப்படித்தான். பெரிய பயணிகள் விமானம் என்றால் இரண்டு பைலட், மூக்கில் ரேடார், தரையில் பாதையைக் கணக்குப் போட்டுக் கொடுக்க ஓர் அலுவலகம், இவ்வளவு கண் தெரியாவிட்டால் இறங்கக்கூடாது என்று கம்பெனி போட்ட கோடு, எல்லாம் இருக்கும். நாலு பேர் உட்காரும் செஸ்னாவில் இருப்பது ஒரு பைலட் மட்டும். கிளம்பும் விமான நிலையத்தில் கண் தெரியும் தூரம் விதிக்குக் கீழே இருந்தால் டவர் அனுமதி தராது, அது உண்மை. ஆனால் கிளம்பி நூறு கிலோமீட்டர் தள்ளி, ஏர்வாடிக்கு மேலே மேகம் இறங்கி நிற்கும் இடத்தில் சிவப்பு விளக்கைப் போட யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் விதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பறப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, வெளியே பார்த்து, அடிவானத்தையும் தரையையும் வைத்துப் பறப்பது. இன்னொன்று, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி, தனித் தகுதி வேண்டும், விமானத்திலும் அதற்கேற்ற கருவிகள் வேண்டும். முதல் வகையில் பறப்பவர் பொதுவாக 5 கி.மீ. தூரமாவது கண் தெரியும் இடத்தில்தான் இருக்க வேண்டும். மேகத்தில் இருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளி நிற்க வேண்டும். 5 கி.மீ. என்றால் தாராளம் என்று தோன்றும். செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் போகும். அந்த வேகத்தில் 5 கி.மீ. என்பது ஒன்றரை நிமிடம். இப்போது கண்ணுக்குத் தெரியும் கடைசிப் பனைமரம் ஒன்றரை நிமிடத்தில் உங்கள் காலடியில் இருக்கும்.

விபத்து எப்படி உருவாகிறது என்பதை நம் கரையிலேயே வைத்துப் பார்க்கலாம். நவம்பர் மாதம், ஒருவர் தூத்துக்குடியில் இருந்து கரையோரமாகவே புதுச்சேரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி மட்டும் வைத்துப் பறக்கும் தகுதி அவருக்கு இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருப்பதால் அதற்கான அனுமதி விவகாரமெல்லாம் முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

வேம்பார் வரைக்கும் வெயில். மேகம் 2,500 அடியில், இடையிடையே நீலம். சாயல்குடி தாண்டும்போது இடது கை பக்கம், கமுதி திசையில், கருக்கல். வலது பக்கம் கடல் வெளிச்சமாகவே இருக்கிறது. மேகத்தை ஒட்டிப் போகக்கூடாது என்று 1,500 அடிக்கு இறங்குகிறார். வாலிநோக்கத்தில் தூறல். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக ஓடுகிறது, ஆனால் உப்பளம் தெரிகிறது, கரை தெரிகிறது. கரையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்று 1,200 அடிக்கு வருகிறார். ஏர்வாடியில் 1,000. கீழக்கரையில் பள்ளிவாசல் மினாரா தெரிந்தது, அதற்கு அப்புறம் தெரிய வேண்டிய பெரியபட்டினம் தெரியவில்லை. 800 அடிக்கு வந்தாயிற்று. இதுவரை அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் சின்ன முடிவு. எதுவும் பைத்தியக்காரத்தனம் இல்லை. 'மேகத்துக்குள் போகிறேன்' என்று அவர் எந்த நிமிடத்திலும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் சரியாகிவிடும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தார்.

800 அடி என்பது நம் ஊரில் என்ன உயரம் என்றும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,060 அடி. நல்ல நாளில் பாலத்தில் வரும்போதே கண்ணில் படுகிற அந்தக் கோபுரத்தின் தலை, இந்த மனிதர் பறக்கிற உயரத்துக்கு மேலே மேகத்துக்குள் இருக்கும். மேகத்துக்கு அடியில் புகுந்து புகுந்து தாழப் பறக்கிறவர்களில் பலர் முடிவது இப்படித்தான்: கோபுரம், மின்கம்பி, மலை. நம் பக்கம் மலை இல்லை. அதனாலேயே கடற்கரையில் தாழப் பறப்பது பாதுகாப்பு என்று ஒரு நினைப்பு உண்டு. அது தப்பு.

சரி, கோபுரத்தில் இடிக்கவில்லை, மேகத்துக்குள் போய்விட்டார். அடுத்து நடப்பதுதான் பலருக்கும் புரியாத இடம். மேகத்துக்குள் போனால் என்ன, ஸ்டிக்கை ஆட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் வந்துவிடாதா என்று கேட்பார்கள். வராது. காரணம் காது.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாய் நகரும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று கண்டுகொள்கிறது. தண்ணீர் உள்ள செம்பைச் சுழற்றினால் முதலில் செம்புதான் சுழலும், தண்ணீர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் அதே வேகத்தில் சேர்ந்து சுழலும். காதிலும் அதுதான். ஒரே சீராக 20 விநாடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்துகொள்ளும். 'நேராகப் போகிறோம்' என்று காது சொல்லும். அதைவிட மோசம், மிக மெதுவாகச் சாய்ந்தால் காதுக்குச் சாய்ந்ததே தெரியாது. தரையில் நிற்கும்போது கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையே இல்லை.

இறக்கை லேசாகச் சாய்கிறது, பைலட்டுக்குத் தெரியாது. சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், வேகம் கூடும், உயரமானி இறங்கும். அதை அவர் பார்க்கிறார். நேராகத்தான் போகிறோம், ஆனால் இறங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அதனால் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கிறார். நேராக இருக்கும் விமானத்தில் இழுத்தால் அது ஏறும். சாய்ந்திருக்கும் விமானத்தில் இழுத்தால் வட்டம் இறுகும், இன்னும் வேகமாக இறங்கும். இன்னும் பலமாக இழுப்பார். இந்தச் சுழலுக்கு பைலட்டுகள் வைத்திருக்கும் பெயர் கிரேவ்யார்ட் ஸ்பைரல், அதாவது சுடுகாட்டுச் சுழல். மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது தரை சில நூறு அடியில் இருக்கும். சில விமானங்கள் அதற்கு முன்பே வேகம் தாங்காமல் ஆகாயத்திலேயே உடைந்துவிடும். இறக்கையை நேராக்கிவிட்டு அப்புறம் இழுத்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் இறக்கையை நேராக்கும் அந்த நொடியில் காது 'எதிர்ப்பக்கம் சாய்கிறோம்' என்று கத்தும். கருவி ஒன்று சொல்ல, உடம்பு முழுவதும் வேறொன்று சொல்ல, கருவியை நம்புவதற்குப் பழக்கம் வேண்டும்.

1954-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை அழைத்து, வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து, பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில், அதாவது மூன்று நிமிடத்துக்குள். மிகக் குறைவாகத் தாக்குப்பிடித்தவர் 20 விநாடி. இந்த 178 என்ற எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அந்த ஆய்வு நடந்ததே, மேகத்துக்குள் போனால் கருவியை மட்டும் பார்த்து அரைவட்டம் அடித்துத் திரும்பி வருவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான். சொல்லிக்கொடுத்த பிறகு ஏறக்குறைய எல்லோருமே பத்திரமாகத் திரும்பினார்கள். உங்கள் தங்கை விஷயத்துக்கு இதுதான் முக்கியம், கடைசியில் வருகிறேன்.

அனுபவம் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த பைலட் 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கருவி வைத்துப் பறக்கும் தகுதியும் அவருக்கு உண்டு. தாழ்ந்த மேகத்துக்குள் மாட்டியதும், மேலே ஏறி மேகத்தைத் தாண்டப் போகிறேன், 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது ஹெலிகாப்டர் இடது பக்கம் சாய்ந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஏறுவதாகவே அவர் உடம்பு அவருக்குச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், குன்னூர் இருக்கிறது. 2021 டிசம்பர் 8, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் போன எம்.ஐ.17 ஹெலிகாப்டர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் போனது, பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பியது, எந்தக் கோளாறும் இல்லாத ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்றுதான் முப்படை விசாரணைக் குழு சொன்னது. சின்ன விமானம் இல்லை, கற்றுக்குட்டி பைலட்டும் இல்லை. அன்று சதி, நாசவேலை என்று வாட்ஸாப்பில் ஓடிய கதைகளை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும். மேகம் ஒன்றே போதும் என்று நம்ப ஜனங்களுக்கு ஏனோ மனசு வருவதில்லை.

நம் கரையோடு எனக்கு அதிகம் பொருந்தித் தெரிவது இன்னொன்று. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் தன் பைப்பர் சாரடோகா என்ற சின்ன விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் பறந்தார். புயல் இல்லை, மழை இல்லை, வெறும் மூட்டம். அடிவானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாத இருட்டு. கருவித் தகுதி அவர் இன்னும் வாங்கவில்லை. மூவரும் கடலில் போனார்கள். நம் வடகடலைப் பங்குனி சித்திரையில் விடிகாலையில் பார்த்திருப்பீர்கள். அலையே இல்லாமல் கிடக்கும். மேலே வெளுத்த மூட்டம், கீழே அதே நிறத்தில் தண்ணீர், நடுவில் கோடே கிடையாது. தூரத்தில் நிற்கும் வள்ளம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். கரையில் நிற்பவருக்கு அது அழகு. 2,000 அடியில் இருப்பவருக்கு அதுவும் மேகத்துக்குள் இருப்பதும் ஒன்றுதான். மோசமான வானிலை என்றால் இடி, மின்னல், கருமேகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால், 'இன்று வானம் சுத்தம்' என்று கிளம்பி மாட்டுவது இப்படிப்பட்ட நாளில்தான்.

'திரும்பி வந்தால் என்ன' என்ற கேள்விக்கு வருகிறேன். திரும்புவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். விநாடிக்கு மூன்று டிகிரி என்ற வழக்கமான வேகத்தில் திரும்பினால் 60 விநாடியில் வந்த வழியைப் பார்த்து நிற்கலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டியது வாலிநோக்கத்தில். கீழக்கரை தாண்டி வெள்ளைக்குள் போன பிறகு அந்த ஒரு நிமிடத் திருப்பமே சுழலாக மாறிவிடக்கூடும். வாலிநோக்கத்தில் திரும்ப மனசு வராததற்குக் காரணம் வானிலை இல்லை. புதுச்சேரியில் யாரோ காத்திருக்கிறார்கள். பின்சீட்டில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். பாதியில் திரும்பினால் ஊர் முழுக்கச் சொல்லிக் கேலி செய்வார். விமானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. பாதிக்கு மேல் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே. அப்புறம், போன வருஷம் இதைவிட மோசமான மேகத்தில் புகுந்து வந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்ற நினைப்பு. இருப்பதிலேயே பெரிய விஷம் அதுதான். தப்பிப் பிழைத்த ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுத்துவிட்டுப் போகும்.

எங்கள் மேசையில் இது தினம் நடக்கும். வானிலைத் தாளை வாங்கியதும் சிலர் முதலில் போய்ச் சேரும் ஊரின் வரியைத்தான் தேடுவார்கள். அங்கே நல்லபடியாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். நடுவில் இருக்கும் ஊர்களின் வரியில் கண் நிற்காது. 'சார், மதியத்துக்கு மேலே சரியாயிடும்ல?' என்பார்கள். அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் நம் வாயால் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருப்பார்கள். நான் பார்த்ததில் நல்ல பைலட்டுகள் வேறு மாதிரி கேட்பார்கள்: 'இது சரியாகாமல் போனால் எந்தப் பக்கம் திறந்திருக்கும்?'

நம் மாவட்டத்தின் வானிலையில் தனியாகச் சொல்ல வேண்டியது சில உண்டு. மழை இங்கே பரவலாக, சீராகப் பெய்யாது. 2024 நவம்பர் 20 நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் மிதந்தன. மேற்கே பரமக்குடிப் பக்கம் அதில் சின்னப் பங்குதான். அன்று உள்மாவட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்த ஒருவருக்குத் தீவில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. செல்போனில் ரேடார் படம் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் காரைக்கால் ரேடார் பாம்பனில் இருந்து ஏறத்தாழ 190 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரம் வருவதற்குள் அதன் கற்றை தரையில் இருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். உயர்ந்து நிற்கும் இடிமேகம் அதில் மாட்டும். சின்ன விமானத்தைச் சிக்கவைக்கும் 800 அடி மேகம் மாட்டவே மாட்டாது. படத்தில் வண்ணம் இல்லை என்பதால் வானம் காலி என்று அர்த்தம் இல்லை. படமும் சில நிமிடங்கள் பழையதாகத்தான் கைக்கு வரும்.

காற்றழுத்தம் இன்னொரு கண்ணி. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டுகிறது. கிளம்பிய ஊரின் அழுத்தத்தைத் திருகி வைத்துவிட்டு, தாழ்வு மண்டலம் நிற்கும் இடத்துக்குள் பறந்தால், அழுத்தம் ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவதற்கு ஏறத்தாழ 30 அடி வீதம் கருவி பொய் சொல்லும். 10 மில்லிபார் குறைந்தால் 300 அடி. 1,000 அடி என்று முள் காட்டும், உண்மையில் 700-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து நம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்றதே, அந்த மாதிரி நாட்களில் வழியில் இருக்கும் நிலையங்களிடம் அழுத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருகிக்கொண்டே போக வேண்டும்.

இடிமேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்குள் போன சின்ன விமானத்தை அது பிய்த்துவிடும், சுற்றிலும் 20 கடல் மைல் விலகிப் போ என்பதுதான் பாடம். பைலட்டுகளுக்கு அதன்மேல் உள்ளபடியே பயம் உண்டு. அது தன் காற்றை முன்னால் அனுப்பும் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். மழை தொடங்குமுன்னே குபீரென்று ஒரு குளிர்ந்த காற்று வந்து மணலை அள்ளி வீசுமே, இறங்கப் போகும் விமானத்துக்கு அது மழையைவிடப் பொல்லாதது.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ராமநாதபுரத்து வெக்கையில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி. கார்புரேட்டர் உள்ள பழைய செஸ்னாக்களில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய குழாயில் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கும் மேலே இறங்கும். வெளியே 25, 28 டிகிரி இருந்தாலும், காற்றில் கடல் ஈரம் ததும்பும்போது உள்ளே பனி கட்டும். குறிப்பாக இறங்குவதற்காக எஞ்சின் விசையைக் குறைத்திருக்கும்போது. சத்தமில்லாமல் சக்தி குறைந்து எஞ்சின் தடுமாறும். அதற்காகவே பேனலில் ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் சூடான காற்று உள்ளே போய்ப் பனியை உருக்கும். மேகத்துக்கு அடியில், தூறலில், விசையைக் குறைத்துத் தாழப் போகிற ஆளுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை. இந்தக் குமிழ் அவர் நினைவில் எங்கே வரும்?

இப்போது தங்கை. அம்மாவிடம் சொல்லுங்கள், இந்த வகை விபத்து மூன்றில் இரண்டு உயிரிழப்பில் முடிகிறது என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொல்வது உண்மைதான். ஆனால் பயிற்சி நிலையத்தில், பயிற்றுநர் கண்காணிப்பில், பகலில், தெரிந்த சுற்றுவட்டாரத்தில் பறக்கும் மாணவிக்கு இந்த ஆபத்து குறைவு. அங்கே டோக்கன் கொடுக்காமல் நிறுத்திவைக்க ஆள் இருக்கிறார்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் தனியாக வேறு ஊருக்குப் போய் வரும் பயணங்கள் உண்டு. கவனம் வைக்க வேண்டியது அங்கேதான். லைசென்ஸ் வாங்கி, கொஞ்சம் கை பழகி, 'எனக்குத் தெரியும்' என்று தோன்ற ஆரம்பிக்கும் காலமும் அப்படித்தான்.

சேருமுன் நிலையத்தில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். வானிலை சரியில்லை என்று பறப்பதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? மாணவியே வேண்டாம் என்று சொன்னால் அந்த நாள் அவள் கணக்கில் குறையாகப் பதியுமா, அவள் முறை பின்னுக்குத் தள்ளிப் போகுமா? வெளியே தெரியாதபடி ஹூட் மாட்டிக்கொண்டு, கருவியை மட்டும் பார்த்து அரைவட்டம் திரும்புவதை எப்போது தொடங்குகிறார்கள், அப்புறம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வைக்கிறார்கள்? இல்லினாய் ஆய்வில் பிழைக்க வைத்தது அந்தத் திருப்பம்தான், ஆனால் பழக்கம் விட்டால் கை மறந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் நிலையமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கட்டடம் பளபளப்பாக இருப்பதையும் விமானங்களின் எண்ணிக்கையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அவளுக்கு ஒன்று: மேகத்தில் மாட்டிவிட்டாலோ, மாட்டப்போவது போல் இருந்தாலோ, ரேடியோவில் உடனே சொல்லிவிட வேண்டும். விசாரணை வருமே, லைசென்ஸுக்கு ஆபத்தாகுமே என்று வாயை மூடிக்கொண்டு கடைசி நிமிடம் வரை போராடியவர்கள் உண்டு. ரேடார் உள்ள இடமாக இருந்தால் கட்டுப்பாட்டு அறை திசை சொல்லி வெளியே கொண்டுவந்துவிடும். அதற்கு அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். ஆட்டோபைலட் இருக்கும் விமானம் என்றால் அதைப் போட்டுவிடுவதில் ஒரு அவமானமும் இல்லை. அதற்குக் காது கிடையாது.

வீட்டுக்கு ஒன்று: அவள் வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பும் நாளில் போன் போட்டு 'எத்தனை மணிக்கு வருவ, சாப்பாடு எடுத்து வைக்கவா' என்று கேட்காதீர்கள். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் வாலிநோக்கத்துக்கு மேலே தூறல் கண்ணாடியில் விழும்போது அந்தச் சாப்பாடும் அவளோடு சேர்ந்து பறக்கும். 'முடியலைன்னா அங்கேயே தங்கிட்டு நாளைக்கு வா, ரூம் வாடகை நான் அனுப்புறேன்' என்று அண்ணன் நீங்கள் முந்திய நாளே சொல்லிவிடுங்கள்.

விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பைப் படிக்கும் விதத்தை அவளுக்கு இப்போதே சொல்லிக் கொடுக்கலாம், பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மதுரை, தூத்துக்குடிக் குறிப்புகளைக் காலையும் மாலையும் எடுத்து, அதே நேரத்தில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் நெருங்கும் விடிகாலைகளில் கண் தெரியும் தூரம் என்னவாகிறது என்பதை முதலில் கவனிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் எழுதிவிட்டு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.